பிரஷ் போதாது, மாதிரி ஃபைல் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் கல்வி இணைப்பில் சென்ற வாரம் வந்த கணினிக் குறிப்பைப் படித்தேன். வேர்டில் ஓரிடத்தில் செய்த வடிவமைப்பை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக, ஹோம் பட்டையின் இடது ஓரத்தில் இருக்கும் பெயின்ட் பிரஷ் படத்தை அழுத்தினால் போதும், ஆய்வேடு அடிப்பவர்களுக்கு இது வரப்பிரசாதம் என்று எழுதியிருந்தார்கள். குறிப்பில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வரப்பிரசாதத்தைக் கையில் எடுத்து இருநூறு முந்நூறு பக்கம் பூசிவிட்டு, சமர்ப்பிக்க வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம் பென் டிரைவோடு கடைப் படியேறும் பிள்ளைகளை வருஷம் பூராவும் பார்க்கிற ஆள் நான். அதனால் மீதியையும் சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளும். வெட்டுவது உங்கள் உரிமை.

பாளையங்கோட்டையில் கல்லூரிகளுக்கு நடுவே டிடிபி கடை வைத்திருக்கிறோம். முன்பக்கம் டைப்பிங், பிரிண்ட், ஜெராக்ஸ். பின்பக்கம் பைண்டிங், அது என் வீட்டுக்காரர் பொறுப்பு. ரெமிங்டன் மெஷினில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்து, வேர்ட்ஸ்டாரில் பழகி, அப்புறம் வேர்டுக்கு வந்தவள் நான். எம்.ஃபில். இருந்த காலத்தில் கூட்டம் இன்னும் அதிகம். இப்போது பெரும்பாலும் பிஎச்.டி., எம்.ஏ. புராஜெக்ட், கூடவே நர்சிங் பிள்ளைகள்.

பிரஷ் நல்ல கருவிதான். ஒரு தடவை அழுத்தினால் ஓர் இடத்துக்குப் பூசிவிட்டு அணைந்துவிடும். இரட்டைக் கிளிக் செய்தால் எஸ்கேப் அழுத்தும்வரை கையிலேயே நிற்கும். இது தெரியாமல், ஒவ்வொரு துணைத்தலைப்புக்கும் மேலே போய் எடுத்து, கீழே வந்து பூசி, திரும்ப மேலே போய் என்று அலைகிற பிள்ளைகள் நிறைய. கீபோர்டிலேயே முடிக்கிறவர்கள் பழைய வேர்டில் கன்ட்ரோல் ஷிஃப்ட் சி, கன்ட்ரோல் ஷிஃப்ட் வி என்று பழகியிருப்பார்கள். புதிய வேர்டில் கன்ட்ரோல் ஷிஃப்ட் வி, வெறும் எழுத்தை மட்டும் ஒட்டுகிற வேலைக்குப் போய்விட்டது. அங்கே கன்ட்ரோல் ஆல்ட் சி, கன்ட்ரோல் ஆல்ட் வி. கூகுள் டாக்ஸிலும் அதே சாவிகள்தான். நாலைந்து இடத்துக்கு மட்டும் என்றால் எஃப்4 இன்னும் சுலபம், கடைசியாகச் செய்ததையே திரும்பச் செய்யும்.

உங்கள் குறிப்பில் விடுபட்ட முக்கியமான சங்கதி, பிரஷ் எதை எடுக்கிறது என்பது. பத்தியின் நடுவில் நாலு சொல்லை மட்டும் தேர்வு செய்து அழுத்தினால் எழுத்துரு, அளவு, தடிப்பு, நிறம் இவை வரும். பத்தி முழுவதையும் அதன் கடைசியில் நிற்கும் பத்திக்குறியோடு சேர்த்து எடுத்தால், அல்லது ஒன்றையும் தேர்வு செய்யாமல் கர்சரைப் பத்திக்குள் வைத்து அழுத்தினால், வரி இடைவெளி, உள்தள்ளல், டேப், வரிசை எண், கோடு எல்லாம் சேர்ந்து வரும். பத்திக்குறி சாதாரணமாகக் கண்ணில் படாது. கன்ட்ரோல் ஷிஃப்ட் எட்டு அழுத்திப் பாருங்கள், ஒவ்வொரு பத்தி முடிவிலும் திருப்பிப் போட்ட ஆங்கில ‘பி’ எழுத்து நிற்கும். அந்தப் பத்தி நடுவில் நிற்க வேண்டுமா, ஓரத்தில் நிற்க வேண்டுமா, மேலே எவ்வளவு இடம், கீழே எவ்வளவு இடம் என்ற விவரம் முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. வேர்ட்ஸ்டாரில் எழுத்தைத் தடிப்பாக்க கன்ட்ரோல் பி (P), அப்புறம் பி (B) என்று சொல்லுக்கு முன்னால் ஒருமுறையும் பின்னால் ஒருமுறையும் அடிப்போம். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று திரையிலேயே தெரியும். வேர்டில் அது மறைவாக இருப்பதால், என்ன எடுத்தோம் என்று தெரியாமலே பூசுகிறார்கள்.

அதனால் வருகிற கூத்து ஒன்றிரண்டல்ல. வரலாற்றுத் துறைப் பிள்ளை ஒருத்தி, ‘பொருளடக்கம் பைத்தியம் பிடிச்ச மாதிரி வருதுக்கா’ என்று ஃபைலைத் திறந்து காட்டினாள். இயல் ஒன்று, இயல் இரண்டு என்று வரவேண்டிய இடத்தில், பாளையக்காரர் வரிவசூல் பற்றிய அரைப் பக்கப் பத்தி ஒன்று முழுசாக வந்து உட்கார்ந்திருக்கிறது, கடைசியில் புள்ளி வரிசையும் பக்க எண்ணும் சகிதமாக. இயல் தலைப்பில் கர்சரை வைத்துப் பிரஷை எடுத்திருக்கிறாள். பூசும்போது கை கொஞ்சம் நீண்டு, தலைப்புக்குக் கீழே இருந்த பத்தியிலும் பட்டுவிட்டது. அங்கே எழுத்து பெரிதாகிவிட்டதைப் பார்த்து, அளவைக் கையாலேயே 12 ஆக்கி, தடிப்பையும் எடுத்துவிட்டாள். பார்வைக்குச் சாதாரணப் பத்தி. ஆனால் வேர்டின் கணக்கில் அது இன்னும் ‘ஹெடிங் 1’ தான். பொருளடக்கம் கணக்கைப் பார்த்துத்தானே எழுதும், கண்ணால் பார்த்தா எழுதும்?

இன்னொன்று அடிக்கடி வருவது. இயல் தலைப்புக்கு ‘பேஜ் பிரேக் பிஃபோர்’ போட்டிருப்பார்கள், ஒவ்வோர் இயலும் புதுப் பக்கத்தில் தொடங்க வேண்டும் என்பதற்காக. அந்தத் தலைப்பிலிருந்து எடுத்து, துணைத்தலைப்புகளுக்குப் பூசிவிட்டு அளவை மட்டும் குறைப்பார்கள். அப்புறம் ஒவ்வொரு துணைத்தலைப்பும் புதுப் பக்கத்துக்குத் தாவும். பேக்ஸ்பேஸ் அடித்து அடித்துப் பார்ப்பார்கள், வராது. ஏனென்றால் அழிப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை, தாவச் சொல்கிற கட்டளை பத்திக்குறிக்குள் இருக்கிறது. வரிசை எண் போட்ட பத்தியிலிருந்து பூசினால் வேறு வகைத் தலைவலி. பூசின பத்தி அதே பட்டியலில் சேர்ந்துகொள்ளும். நாலாம் இயலில் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டிய கருதுகோள், மூன்றாம் இயலின் தொடர்ச்சியாக எட்டு, ஒன்பது என்று போகும். இந்த மாதிரி நேரத்தில் ஷிஃப்ட் எஃப்1 அழுத்தினால் ஓரத்தில் ஒரு பலகை திறக்கும். கர்சர் நிற்கிற இடத்துக்கு என்னென்ன ஒட்டியிருக்கிறது என்று எழுத்து வாரியாக, பத்தி வாரியாகக் காட்டும். இரண்டு பத்திகளை ஒப்பிட்டு வித்தியாசத்தையும் சொல்லும். பிரஷைப் பற்றி எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்து எழுதினால் புண்ணியமாகப் போகும்.

தமிழ் ஆய்வேடுகளின் பாடு தனி. இன்றைக்கும் பாமினியிலும் வானவில்லிலும் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பழைய எழுத்துருக்களில் கணினி சேமித்து வைப்பது ஆங்கில எழுத்துகளையும் குறிகளையும்தான். மேலே போட்டிருக்கும் எழுத்துரு அவற்றைத் தமிழாக வரைந்து காட்டுகிறது. ‘தமிழ்’ என்று பாமினியில் அடித்திருந்தால், உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. டைம்ஸ் நியூ ரோமனில் இருக்கும் ஆங்கிலப் பத்தியிலிருந்து பிரஷை எடுத்து அதன்மேல் தேய்த்தால், எழுத்துருவும் மாறி, ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி அப்படியே பல்லைக் காட்டும். ஃபைல் கெட்டுப்போய்விட்டது, வைரஸ் வந்துவிட்டது என்று கண்ணீரோடு வருவார்கள். ஒன்றும் கெடவில்லை, தேர்வு செய்து திரும்பப் பாமினி போட்டால் வந்துவிடும். பத்தி முழுக்கத் தமிழாக இருந்தால் இவ்வளவுதான் வேலை.

துணைநூற்பட்டியலில்தான் சிக்கல். அங்கே தமிழ் நூலும் ஆங்கில நூலும் கலந்து நிற்கும். தமிழ் வரிக்குள்ளேயே நடுவில் ஆங்கிலப் பதிப்பகப் பெயர் வரும். ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லுக்கும் தனியாக எழுத்துரு மாற்றி அடித்திருப்பார்கள். வரி இடைவெளி ஒழுங்காக இல்லையே என்று ஒருவர் மேலேயிருந்து கீழே வரை பிரஷால் ஒரே இழுப்பு இழுத்தால், நுழைந்திருந்த ஆங்கிலச் சொற்கள் எல்லாம் அர்த்தமில்லாத தமிழ் எழுத்தாக மாறிவிடும். உடனே கன்ட்ரோல் இசட் அழுத்தினால் தப்பிக்கலாம். ஃபைலை சேவ் செய்து மூடிவிட்டால் ஒவ்வொன்றாகத் தேடித்தான் மாற்ற வேண்டும். இதில் நான் சொல்லும் வைத்தியம், இங்கே பிரஷைக் கையில் எடுக்கவே எடுக்காதீர்கள். பட்டியல் முழுவதையும் தேர்வு செய்து, பத்தி இடைவெளியைப் பாராகிராஃப் பெட்டியில் போய் மாற்றுங்கள் என்பதுதான். எழுத்தைத் தொடாமல் இடைவெளி மட்டும் மாறும்.

தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியெண் வைத்திருக்கும் யூனிகோடில் அடித்தால் இந்த வம்பே இல்லை. 2010 ஜூன் மாதம் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோதே யூனிகோடையும் டேஸ்16 என்ற 16 பிட் தமிழ்க் குறியீட்டையும் தமிழக அரசு தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. அப்புறமும் பழைய எழுத்துருவிலேயே உட்கார்ந்திருப்பதற்கு, கை பழகிவிட்டது என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை. யூனிகோடிலும் பிரஷால் ஒரு சின்னத் தொல்லை உண்டு. வேர்ட், ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துருவும் தமிழ் போன்ற எழுத்துகளுக்குத் தனியாக ஓர் எழுத்துருவும் வைத்துக்கொள்ளும். ஆங்கிலப் பத்தியிலிருந்து பிரஷை எடுத்தால் கண்ணுக்குத் தெரியாத அந்த இரண்டாவது எழுத்துருவும் சேர்ந்து வரும். தமிழ்ப் பத்தியில் தேய்த்தால் எழுத்து குப்பையாகாது. ஆனால் நீங்கள் ஆசையாகப் போட்டிருந்த தமிழ் எழுத்துரு போய், விண்டோஸ் தன்னிடம் இருக்கிற லதாவையோ நிர்மலாவையோ வைத்துக் காட்டும். எழுத்தின் அகலம் வேறு என்பதால் வரி முறியும் இடம் மாறும், பக்கம் தள்ளும். ஃபாண்ட் பெட்டியில் ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’ என்ற பகுதியைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

பிரஷ் எட்டாத இடமும் இருக்கிறது. மார்ஜின், பக்கம் நிமிர்ந்து நிற்பதா படுத்திருப்பதா, தலைக்குறிப்பு, பக்க எண் இவையெல்லாம் பத்தியில் இல்லை, செக்ஷன் என்று வேர்ட் ஃபைலைப் பிரித்து வைக்கிற பெரிய பகுதியில் இருக்கின்றன. எவ்வளவு தேய்த்தாலும் வராது. பிள்ளைகள் ஒவ்வோர் இயலையும் தனி ஃபைலாக அடித்து, கடைசியில் ஒன்றாக ஒட்டுவார்கள். முதல் இயலுக்கு இடப்பக்கம் ஒன்றரை அங்குலம் விட்டிருப்பார்கள், மூன்றாம் இயலை வேறு யாரோ அடித்துக் கொடுத்திருப்பார்கள், அதில் ஒரு அங்குலம். பிரஷால் எழுத்தை ஒரே மாதிரி ஆக்கிவிட்டதால் திரையில் வித்தியாசம் தெரியாது. தையல் போட்டு, ஓரம் வெட்டி, ரெக்சின் அட்டை ஏற்றின பிறகு பிரித்துப் பார்த்தால் மூன்றாம் இயலில் வரியின் முதல் எழுத்து முதுகுக்குள் போயிருக்கும். திட்டு வாங்குவது பைண்டிங்காரர். அதனால் எங்கள் கடையில் பிரிண்ட் போடுவதற்கு முன்னால் மார்ஜினை நான் பார்த்தே ஆக வேண்டும் என்பது வீட்டுக்காரர் போட்ட சட்டம்.

இத்தனைக்கும் மாற்று, ஸ்டைல். இது புது வித்தை ஒன்றும் இல்லை, 1983-ல் டாஸில் வந்த முதல் வேர்டிலேயே ஸ்டைல் ஷீட் என்று இருந்தது. தலைப்புக்கு ஹெடிங் 1, துணைத்தலைப்புக்கு ஹெடிங் 2, மேற்கோளுக்கு ஒன்று, பத்திக்கு ஒன்று என்று பெயர் கொடுத்துவிட்டால், வடிவம் பத்தியை விட்டுப் பெயரில் போய் நிற்கும். நெறியாளர் கடைசி நிமிஷத்தில் ‘துணைத்தலைப்பெல்லாம் 14-ல் வேண்டாம், 13 ஆக்கு’ என்று சொன்னால் ஓர் இடத்தில் மாற்றினால் போதும். சின்னச் சூத்திரம் ஒன்று சொல்கிறேன். ஒரே ஒரு துணைத்தலைப்பை உங்களுக்குப் பிடித்த மாதிரி கையால் அலங்கரியுங்கள். அதைத் தேர்வு செய்துகொண்டு, மேலே ஹெடிங் 2 என்ற பெட்டியில் வலது கிளிக் செய்து, ‘அப்டேட் ஹெடிங் 2 டு மேட்ச் செலெக்ஷன்’ கொடுங்கள். ஹெடிங் 2 என்று பெயர் சூட்டின அத்தனையும் அந்த நிமிஷமே மாறும். பிரஷ் ஒவ்வொன்றாகப் போய்ச் செய்வதை இது ஒரே நேரத்தில் செய்கிறது.

ஏற்கெனவே பூசித் தள்ளின ஃபைலையும் காப்பாற்றலாம். ஒரு துணைத்தலைப்பில் கர்சரை வையுங்கள். ஹோம் பட்டையின் வலது கடைசியில் ‘செலெக்ட்’ என்று இருக்கும். அதற்குள் ‘செலெக்ட் ஆல் டெக்ஸ்ட் வித் சிமிலர் ஃபார்மேட்டிங்’. அழுத்தினால் அதே பூச்சு வாங்கின எல்லா இடமும் ஒன்றாகத் தேர்வாகும். அப்படியே ஹெடிங் 2 கொடுத்துவிடலாம். பிரஷ் ஒழுங்காகப் பூசியிருந்தால் இது ஒழுங்காகப் பிடிக்கும் என்பதால், இந்த ஓர் இடத்தில் பிரஷுக்கு நன்றி சொல்ல வேண்டியதுதான். மேலே பழைய பூச்சு ஒட்டிக்கொண்டிருந்தால் எழுத்துக்கு கன்ட்ரோல் ஸ்பேஸ், பத்திக்கு கன்ட்ரோல் கியூ. தாவரவியல், விலங்கியல் ஆய்வேடு என்றால் கவனம், கன்ட்ரோல் ஸ்பேஸ் அடித்த பத்தியில் அறிவியல் பெயர்களின் சாய்வெழுத்தும் சேர்ந்து போய்விடும். கைடு அதைத்தான் முதலில் பார்ப்பார்.

வேர்டுக்குப் பதிலாக இலவச லிப்ரே ஆபீஸ் வைத்திருக்கிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அங்கேயும் பிரஷ் உண்டு, ‘குளோன் ஃபார்மேட்டிங்’ என்று பெயர். பூசும்போது கன்ட்ரோல் சாவியை அழுத்திக்கொண்டால்தான் பத்தி வடிவமும் சேரும், இல்லையென்றால் எழுத்து வடிவம் மட்டும். ஆனால் எஃப்11 அழுத்தி ஸ்டைல் பலகையைத் திறந்தால் ‘ஃபில் ஃபார்மேட் மோட்’ என்று ஒன்று இருக்கும். அது ஸ்டைலின் பெயரையே பூசுகிற பிரஷ். அலங்காரம் போகாமல் பெயர் போய் ஒட்டும். வேர்டில் எனக்கு இந்த வசதி இல்லையே என்று பல நாள் ஆதங்கப்பட்டிருக்கிறேன்.

பொருளடக்கம் ஒழுங்காக வருவதற்கு மட்டும் இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். பார்வையற்ற ஆய்வு மாணவர் ஒருவர் எங்கள் கடைக்கு வருவார். தன் லேப்டாப்பில் என்விடிஏ போட்டிருக்கிறார். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் இலவச மென்பொருள் அது, 2006-ல் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலியர் தொடங்கியது. அதில் படிக்கிற நிலைக்கு (பிரவுஸ் மோட்) மாற்றிக்கொண்டு ஹெச் எழுத்தைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவும், இயல் இயலாகப் போய் வேண்டியதைப் படிக்கலாம். துறையில் சீனியர் ஒருவருடைய ஆய்வேட்டை வேர்ட் ஃபைலாக வாங்கி வந்திருந்தார். ஹெட்போனை ஒரு காதில் மாட்டிக்கொண்டு ஹெச் தட்டினார், திரும்பத் தட்டினார். ‘அக்கா, இதுல தலைப்பே இல்லைன்னு சொல்லுது, உங்க கண்ணுக்குத் தெரியுதா?’ என்று கேட்டார். எனக்குத் தெரிந்தது. தடித்த எழுத்து, 14 புள்ளி, அடிக்கோடு, நடுவில் நிறுத்தல், அத்தனையும் கச்சிதமாக பிரஷால் பூசியது. தலைப்பு என்ற பெயர் மட்டும் ஒன்றுக்கும் இல்லை. மேலே சொன்ன ‘செலெக்ட்’ வழியில் பெயர் சூட்டிக் கொடுத்தேன். டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. அதை அடித்தவர் முதலிலேயே செய்திருக்கலாம்.

ஆய்வேட்டை மின்வடிவிலும் கொடுக்க வேண்டும் என்று யுஜிசி 2009-ம் ஆண்டு விதிமுறையிலேயே சொல்லிவிட்டது. ஆய்வேடுகளுக்கான சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் ஏற்றுகிறார்கள், நாட்டில் எங்கிருந்தும் திறந்து படிக்கலாம். ஸ்டைல் போட்ட ஃபைலைப் பிடிஎஃப் ஆக்கினால் ஓரத்தில் இயல் வாரியாகப் புக்மார்க் தானே உருவாக வழி உண்டு. பூசின ஃபைலில் அந்த வழியே இல்லை. பாமினியில் அடித்ததென்றால் இன்னும் மோசம், கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், தமிழில் ஒரு சொல்லைத் தேடினால் அகப்படாது.

இனி, யார் என்ன செய்ய வேண்டும் என்ற விஷயம். பிள்ளைகளைக் குறை சொல்லி ஆவதில்லை. ஆய்வேட்டு வடிவ விதிகள் என்று அவர்கள் கையில் கிடைப்பது இரண்டு மூன்று பக்க பிடிஎஃப். டைம்ஸ் நியூ ரோமன் 12, இரட்டை இடைவெளி, இடப்பக்கம் ஒன்றரை அங்குலம், மற்ற பக்கம் ஒரு அங்குலம், இயல் தலைப்பு தடித்த பெரிய எழுத்து, இப்படியே போகும். சில இடத்தில் அந்த விதித்தாளே பழைய தாளை ஸ்கேன் செய்தது, கோணலாக நிற்கும். இதைப் படித்துவிட்டு ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியாக உட்கார்ந்து வேர்டில் புதிதாக உருவாக்க வேண்டும். தையற்காரரிடம் அளவை வாயால் சொல்லிக்கொண்டிருக்காமல் அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு வருகிறோம் இல்லையா? அந்த மாதிரி பல்கலைக்கழகமே ஒரு மாதிரி ஃபைலைக் கொடுத்துவிடலாம். வேர்டுக்கு ஒரு டெம்ப்ளேட், லிப்ரே ஆபீஸுக்கு ஒன்று. மார்ஜின் போட்டு, ஸ்டைல்கள் போட்டு, முன்பக்கங்களுக்கு ரோமன் எண்ணும் இயல்களுக்குச் சாதாரண எண்ணும் செக்ஷன் பிரித்து, பொருளடக்கம் போட்டு, அட்டவணை அகலமாக வந்தால் படுக்கைப் பக்கம் ஒன்றும் வைத்து. தமிழ்த் துறைக்கு யூனிகோடு எழுத்துருவோடு தனியாக ஒன்று. விஷயம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்தால் ஓரிரு நாள் வேலை, காசும் ஆகாது. ஏற்கெனவே கொடுக்கிற நிறுவனங்கள் இருக்கின்றன. கொடுக்காதவர்களைத்தான் கேட்கிறேன்.

இதில் இன்னொரு லாபம் உண்டு. எல்லா இயலும் ஒரே டெம்ப்ளேட்டில் அடித்ததாக இருந்தால், ஒன்றாக ஒட்டும்போது பேஸ்ட் ஐகானில் ‘யூஸ் டெஸ்டினேஷன் ஸ்டைல்ஸ்’ கொடுத்தால் போதும். பெயர் ஒன்றாக இருப்பதால் முதல் ஃபைலின் வடிவத்துக்குள் மற்றவை தானாக வந்து அடங்கும். பிரஷுக்கு வேலையே இருக்காது. இணையத்திலிருந்து எடுத்த மேற்கோளை ஒட்டும்போது மட்டும் ‘கீப் டெக்ஸ்ட் ஒன்லி’ கொடுத்து ஒட்டி, அப்புறம் ஸ்டைல் கொடுக்க வேண்டும். அந்த இணையப் பக்கத்தின் நீல எழுத்தும் சாம்பல் பின்னணியும் ஆய்வேட்டுக்குள் வராது.

நெறியாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். திருத்தம் சொல்லும்போது ‘இந்தத் தலைப்பைப் பெரிசாக்கு’ என்று ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மையில் சுழிக்கிறீர்கள். பிள்ளை நீங்கள் சுழித்த இடங்களை மட்டும் பெரிதாக்குகிறது, சுழிக்க விட்டுப்போன இடம் பழைய அளவிலேயே நிற்கிறது, வைவா என்கிற வாய்மொழித் தேர்வு அன்றைக்கு வெளித்தேர்வாளர் அதைப் பிடிக்கிறார். முதல் இயலை வாங்கிப் பார்க்கிறபோதே ஷிஃப்ட் எஃப்1 அழுத்தி, தலைப்புகளுக்கு ஸ்டைல் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் பாதித் திருத்தம் மிச்சம்.

டைப்பிங் சொல்லித்தரும் நிலையங்களில் வேர்டு பாடம் எடுக்கிறவர்களும் பிரஷோடு நிறுத்திவிடுகிறார்கள். எங்கள் கடைக்கு வேலை கேட்டு வரும் பெண்களுக்குச் சான்றிதழ் இருக்கிறது, வேகமும் இருக்கிறது. தமிழ் 99 விசைப்பலகை முறையில் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார்கள். ஸ்டைல் என்றால் முழிப்பார்கள். அது அவர்கள் குற்றம் இல்லை, சொல்லிக்கொடுத்தால் ஒரு மத்தியானத்தில் பிடித்துக்கொள்கிறார்கள்.

‘இப்படியெல்லாம் பேப்பரில் எழுதினால் நம்ம கடைக்கு அலைன்மென்ட் வேலை வராதே’ என்றார் வீட்டுக்காரர். அலைன்மென்ட் வேலைக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறோம், உண்மைதான். ராத்திரி பதினொரு மணிக்கு அழுதுகொண்டு நிற்கிற பிள்ளையிடம் அந்தக் காசை வாங்குவதில் எனக்குப் பெரிய சந்தோஷம் ஒன்றும் இல்லை. பைண்டிங் வேலை எப்படியும் வரும்.

கடைசியாக உங்களிடம் ஒன்று. அடுத்த கணினிக் குறிப்பில் ஸ்டைல் பற்றி, திரையின் படத்தோடு போடுங்கள். ஹெடிங் 2-ல் வலது கிளிக் செய்கிற இடம், ‘செலெக்ட்’ இருக்கிற இடம், இரண்டு படம் போதும். மே, ஜூனில் ஆய்வேடு முடிக்கிற பிள்ளைகளுக்கு உதவ வேண்டும் என்றால் மார்ச் மாதத்துக்குள் வந்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
டிடிபி கடைக்காரர்,
பாளையங்கோட்டை.